காலி வண்டிக்கு ஒரு டிரைவர்

கூடத்தில் செருப்பு அலமாரியை ஒட்டி இரண்டு தள்ளுவண்டிகள் நின்றன. இரண்டும் ஒரே குழந்தைக்கு. ஒன்று குழந்தை பிறந்தபோது வாங்கியது: கனமான இரும்புச் சட்டம், தடித்த ரப்பர் சக்கரங்கள், ஒரே குழாயாக வளைந்து வரும் கைப்பிடி. அதைத் தூக்க ஒரு ஆள் வேண்டும், திட்டுவதற்கு இன்னொரு ஆள் வேண்டும். வீட்டில் அதற்குப் பெயர் ‘பெருசு’. மற்றது போன மாதம் வந்தது. ஒரு தட்டுத் தட்டினால் மடங்கி, அக்குளில் இடுக்கிக்கொள்ளும் அளவுக்குச் சுருங்கிவிடும். அதற்குப் பெயர் ‘குடை’.

விடுமுறைக்குத் தீம் பார்க் போய் மூன்று நாள் தங்குவது என்று முடிவாகி, அறை போட்டு, வேலையிடத்தில் லீவும் சொல்லியாயிற்று. காரின் பின்பக்கம் பெட்டிகள் போக ஒரு வண்டிக்குத்தான் இடம். பெருசா, குடையா? கேட்பதற்கு அற்பமான கேள்விதான். ஆனால் அந்த வீட்டில் ஒரு வாரமாக இதைத் தவிர வேறு பேச்சு இல்லை.

குடையின் பக்கம் மகள் இருந்தாள். மகள் எந்தப் பக்கமோ மாப்பிள்ளை அந்தப் பக்கம்; அவர் விவரமான மனிதர். பெருசின் பக்கம் நின்றவர் ஒரே ஒருவர், டிரைவர்.

டிரைவர் என்றால் மகளின் அப்பா. நகரப் பேருந்தில் தலை நரைக்கும்வரை ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டார். ஸ்டியரிங்கை விட்டுப் பல வருஷம் ஆகியும் தெருவில் யாரும் அவரை வேறு மாதிரிக் கூப்பிடுவதில்லை. காய்கறிக் கடைக்காரர் “டிரைவரே, தக்காளி வந்திருக்கு” என்பார். கீழ்வீட்டுக்காரர் “டிரைவர் சார், மழை வருமா?” என்பார், ஏதோ மழையும் அவர் ரூட்டில் வருவது மாதிரி. அவருக்கும் அது பிடிக்கும். மனிதனுக்கு ஒரு பட்டம் வேண்டுமே.

“அப்பா, அங்க நாள் பூரா ஏறி இறங்கணும். இந்த இரும்புக் கட்டிலைத் தூக்கிட்டு எங்க போறது?” என்றாள் மகள்.

“தூக்கச் சொன்னது யாரு? அது தள்ளற வண்டிம்மா. குடையில பிரேக் இருக்கற லட்சணத்தைப் பாத்தியா? பேருக்கு ஒரு பிளாஸ்டிக் நாக்கு. சரிவுல நிறுத்தினா என்ன ஆகும்?”

“தீம் பார்க்ல ஏதுப்பா சரிவு?”

“சரி, மழை வந்தா?”

“மழை வந்தா ரெண்டும்தான் நனையும்.”

“பெருசு மெதுவா நனையும்” என்றார் டிரைவர்.

மாப்பிள்ளை போனிலிருந்து தலையைத் தூக்கினார். “மாமா, அங்க போயிட்டு வந்தவங்க எல்லாரும் லேசான வண்டியே போதும்னுதான் எழுதியிருக்காங்க.”

“எழுதினவங்கள்ல எத்தனை பேரு வண்டி ஓட்டினவங்க மாப்பிள்ளை?”

மாப்பிள்ளை மறுபடியும் போனுக்குள் போய்விட்டார்.

டிரைவர் சொன்ன காரணங்களில் ஒன்றுகூட நிஜமில்லை. அது அவருக்கே தெரியும். நிஜமான காரணம் அவருடைய இடது முழங்காலில் இருந்தது. ஊர் நெரிசலில் காலமெல்லாம் கிளட்ச்சை மிதித்து மிதித்துத் தேய்ந்துபோன கால் அது. வேலையில் இருந்தவரை வாயைத் திறக்காமல் உழைத்தது. ஓய்வு பெற்றதும் சேர்த்து வைத்ததையெல்லாம் கேட்க ஆரம்பித்துவிட்டது. மாடிப்படி ஏறினால் வலி, உட்கார்ந்து எழுந்தால் வலி, கொஞ்ச தூரம் சும்மா நடந்தால் உயிர் போகும்.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சட்டைகளுக்குப் பின்னால் ஒரு தைலப் புட்டி ஒளிந்திருந்தது. வாசனை வந்து மகள் கேட்டால் தலைவலி என்பார். மகளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை, வருகிறவர்களின் கண்ணைச் சோதித்துப் பார்ப்பவள். அப்பா ஓயாமல் தலைவலி தலைவலி என்றதும் அவரைக் கடைக்கு இழுத்துப் போய், எழுத்துப் பலகை முன்னால் உட்கார வைத்து, புதுக் கண்ணாடியே மாட்டிவிட்டாள். முட்டி வலிக்குக் கண்ணாடி போட்டுக்கொண்ட ஒரே மனிதர் இவராகத்தான் இருப்பார். “இப்பத் தேவலையாப்பா?” என்று கேட்டபோது, “பளிச்சுனு இருக்கும்மா” என்று சொல்லித் தொலைத்தார்.

சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் வறட்டுக் கௌரவம் மட்டும் இல்லை. அவரோடு ஒரே வண்டியில் ஓடிய கண்டக்டர் ஒருவர், தலை சுற்றுகிறது என்று வீட்டில் ஒரே ஒரு தடவை வாயை விட்டார். அன்றோடு சரி. தெருமுனைக் கடைக்குக்கூட அனுப்ப மறுத்துவிட்டார்கள். ஜன்னலோரம் ஒரு நாற்காலி, கையில் டிவி ரிமோட், அவ்வளவுதான் வாழ்க்கை. பார்க்கப் போன டிரைவரிடம், “எனக்கு ஸ்டாப்பிங் வந்துடுச்சுடா. இறக்கி விட்டுட்டாங்க” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு டிரைவருக்குப் பல நாள் காதிலேயே நின்றது.

டிரைவருக்கு இன்னும் ஒரு ரூட் பாக்கி இருந்தது. தினமும் மாலையில் குழந்தைகள் காப்பகத்துக்குப் போய்ப் பேத்தியை அழைத்துக்கொண்டு, காய்கறிக் கடை வழியாக, குளக்கரையில் வாத்துகளுக்கு முகம் காட்டிவிட்டு, வீடு வந்து சேர்வது. பேத்திக்கு அவர் வைத்த பெயர் சில்லறை. நின்ற இடத்தில் நிற்காமல் எந்நேரமும் கலகலவென்று சத்தம் போடுவதால் அந்தப் பெயர். வண்டியில் உட்கார்ந்து பெல்ட் மாட்டியதும் அவள் கையைத் தூக்கி, “போலாம் ரைட்!” என்பாள். அப்புறம்தான் டிரைவர் பிரேக்கை எடுப்பார். குழந்தை சொல்லாமல் வண்டி நகரக்கூடாது என்பது இருவருக்கும் சட்டம்.

மகளுக்கு இது பிடிக்காது. “அப்பா, இந்தப் பஸ் பாஷையெல்லாம் கத்துக் குடுக்காதீங்க. காப்பகத்துல எல்லாப் பிள்ளைங்களையும் வரிசையா உக்கார வச்சு, இறங்கு இறங்குன்னு விரட்டறாளாம்.”

இந்த ரூட்டில்தான் டிரைவர் அதைக் கண்டுபிடித்தார். பெருசைப் பிடித்துக்கொண்டு நடந்தால் கால் வலிக்கவில்லை. கைப்பிடியில் கையை ஊன்றிக்கொண்டால் முழங்காலின் பாரம் வண்டிக்குப் போய்விடுகிறது. பெருசு கனமானது, சாயாது; நகர மாட்டேன் என்று அடம் பிடிக்காமல் கூடவே வரும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு, பேத்திமேல் உயிரையே வைத்திருக்கும் தாத்தா. உள்ளே நடப்பது வேறு. குழந்தையை அவர் நடத்திக்கொண்டு போனாரா, குழந்தையின் வண்டி அவரை நடத்திக்கொண்டு போனதா என்றால், இரண்டாவதுதான் உண்மை.

குடையையும் ஒருநாள் யாரும் இல்லாத நேரத்தில் ஓட்டிப் பார்த்தார். கைப்பிடி தொடையளவில் இருந்தது. கொஞ்சம் கை ஊன்றியதும் முன்சக்கரம் இரண்டும் எழும்பி, வண்டி மல்லாக்க விழப் பார்த்தது. குழந்தை இருந்திருந்தால்? சட்டென்று வண்டியை மடித்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார். அன்றிலிருந்துதான் பெருசுக்காக ஒற்றைக்காலில் நின்றார். நல்ல காலில்தான்.

குடை போனால் தீம் பார்க்கில் அவரால் வாசல் தாண்டி நடக்க முடியாது. முடியாது என்று தெரிந்தால் முழங்கால் விஷயம் வெளியே வரும். வெளியே வந்தால் மகள் அடுத்து என்ன சொல்வாள்? ‘நீங்க வீட்ல ரெஸ்ட் எடுங்கப்பா, குழந்தையை நான் கூட்டிட்டு வந்துக்கறேன்.’ அவ்வளவுதான். கண்டக்டருக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட வேண்டியதுதான். போதாக்குறைக்கு மாப்பிள்ளை வேறு போனைப் பார்த்துவிட்டு, “நடக்க முடியாதவங்களுக்கு அங்க சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்குதாம்” என்று பொதுவாகச் சொன்னார். டிரைவருக்கு முகம் சிவந்துவிட்டது. “பாவம், முடியாதவங்க” என்று சொல்லிவிட்டு வேகமாக எழப் போய், வலியில் உதட்டைக் கடித்தார்.

கடைசியில் மகளே ஒரு வழி சொன்னாள். “சரிப்பா. பெருசு கிரீச் கிரீச்சுனு கத்துது, வலது பக்கம் இழுத்துட்டே போகுது. அதை வச்சுட்டு அவ்வளவு கூட்டத்துல நான் அல்லாட முடியாது. அந்த ரெண்டையும் சரி பண்ணிக் காட்டுங்க, அப்புறம் பேசலாம்.”

வண்டி ஒரு பக்கம் இழுத்தால் முதலில் டயரைப் பார்க்க வேண்டும் என்பது டிரைவருக்குத் தெரியாததா? வேலையில் இருந்தவரை, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு டயரையும் உதைத்துப் பார்க்காமல் அவர் ஏறியதே கிடையாது. ஆனால் பெருசின் டயரைப் பார்க்க வேண்டும் என்றால் குனிந்து உட்கார வேண்டும். குனிய முழங்கால் விட வேண்டுமே! அதனால் அவர் பார்க்கவேயில்லை. பார்க்காமலேயே அதை நேராகத் தன் சிநேகிதனிடம் தள்ளிக்கொண்டு போனார். அவர் பண்ணிய தப்பு அது ஒன்றுதான்.

சிநேகிதனுக்கு எல்லாரும் வைத்த பெயர் கிரீஸ். டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். இப்போது சைக்கிள், தள்ளுவண்டி, தையல் மிஷின் என்று உருளுவது சுற்றுவது எதுவானாலும் பார்க்கிற ஒரு பட்டறை வைத்திருந்தார். கை கழுவியும் போகாத கறுப்பு, அதனால் அந்தப் பெயர்.

“என்னடா இது, டபுள் டெக்கரா?” என்றார் கிரீஸ்.

“பேத்தி வண்டி. கத்துது, வலது பக்கம் இழுக்குது. ஊருக்குப் போகணும், நல்லாப் பண்ணிக் குடு.”

கிரீஸ் ஒரு சைக்கிளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். “விட்டுட்டுப் போ. சாயங்காலம் வா.”

விட்டுவிட்டுப் போவது என்பது வாயால் சொல்வதற்குச் சுலபம். பட்டறை வாசலை விட்டு இறங்கிய பிறகுதான் டிரைவருக்கு உறைத்தது, கையில் ஒன்றும் இல்லை. வந்த வழி நீளமாகிவிட்டது. ஒரு மதில் சுவரிலிருந்து அடுத்த மதில் சுவர்வரை நடந்தார். நடுவில் நின்று, தனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வாடகை அறிவிப்பை முழுதாகப் படித்தார். “என்ன டிரைவரே, வீடு பாக்கறீங்களா?” என்று யாரோ கேட்டார்கள். “சும்மாதான், விலை தெரிஞ்சுக்கலாம்னு” என்று சமாளித்தார். வீட்டுக்கு வந்து வேட்டியை விலக்கிப் பார்த்தால் முழங்கால் பன் மாதிரி உப்பியிருந்தது.

சாயங்காலம் எழுந்து நின்று பார்த்தார். முடியவில்லை. பெருசை எடுத்து வரப் போக வேண்டும் என்றால் பெருசு வேண்டும், அதுவோ பட்டறையில். இப்படி ஒரு முடிச்சைத் தானே போட்டுக்கொண்டு தானே உட்கார்ந்திருந்தார். வேறு வழியில்லாமல் மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, தலைவலி, சில்லறையை நீங்களே கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள், வண்டி பட்டறையில் இருக்கிறது என்றார். மாப்பிள்ளை மகளிடம் சொன்னார். கண்ணாடிக் கடையிலிருந்து வரும் வழியில்தான் பட்டறை, அவளே போனாள்.

அங்கே நடந்ததைக் கிரீஸ் பிற்பாடு எல்லாரிடமும் சொன்னதால் நமக்கும் தெரியும். இது ரகசியம் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. வண்டி எடுக்க வருகிறவர்களை நாலு திட்டுத் திட்டாமல் அனுப்புகிற பழக்கமும் டிப்போவில் இருந்தே அவருக்குக் கிடையாது.

“ஏம்மா, இதுல குழந்தையைத்தானே வச்சுத் தள்றீங்க?”

“ஆமா மாமா. ஏன்?”

“அப்ப இதைத் தேச்சது யாரு?” என்று வண்டியைக் கவிழ்த்துக் காட்டினார். இடது பின்சக்கரத்தில் ரப்பர் வரிகள் அப்படியே இருந்தன. வலது பின்சக்கரம் மொழுமொழுவென்று வழுக்கை. “குழந்தை நடுவுல உக்காருது. அது வெயிட்டுன்னா ரெண்டும் ஒண்ணாத் தேயணும். இது கைப்பிடியில வலது பக்கமா ஒரு பெரிய ஆளு பாரத்தைப் போட்டு அமுக்கி அமுக்கித் தேச்சது. இடது கால் போனவன்தான் இப்படிச் சாய்வான். டிரைவருங்களுக்குக் கிளட்ச் காலு போறது சகஜம்தானே. உங்கப்பனை டாக்டர்கிட்ட காட்டினியா இல்லியா?”

மகள் குனிந்தாள். அந்த வழுக்கைச் சக்கரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். முதலில் கோபம்தான் வந்தது. இந்த மனுஷன் ஏன் இப்படி இருக்கிறார், வாயைத் திறந்து சொன்னால் என்ன? அப்புறம் அழுகை வந்தது.

“தலைவலின்னு சொன்னாரு மாமா. நானும் நம்பிக் கண்ணாடி மாட்டி விட்டேன். ஊர்ல உள்ளவங்க கண்ணையெல்லாம் பாக்கறேன். எங்கப்பா நடக்கறதை நான் பாக்கவே இல்ல.”

கிரீஸுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. துணியை எடுத்துத் துடைத்துக்கொள்ளக் கொடுத்து, அதிலும் கிரீஸ் இருப்பதைப் பார்த்துத் திரும்ப வாங்கிக்கொண்டார். “வீட்டுக்குப் போய்க் கத்தாதம்மா. அவன் ரோஷக்காரன். தெரிஞ்சு போச்சுன்னா நாளைக்கே வண்டியை விட்டுட்டு வெறுங்கையோட நடந்து காட்டுவான்.”

அது நடக்கக்கூடியதுதான் என்று அவளுக்கும் தெரியும். “ரெண்டு சக்கரமும் புதுசா போட்டுடுங்க மாமா. அப்படியே இந்தக் கைப்பிடியையும் கொஞ்சம் உசத்த முடியுமா? எங்கப்பா உயரத்துக்கு.”

கிரீஸ் அளவே எடுக்கவில்லை. அந்த உயரம் அவருக்கு மனப்பாடம்.

வீட்டுக்கு வந்ததும் மகள் பையை மாட்டிக்கொண்டே, “பெருசையே எடுத்துட்டுப் போலாம்ப்பா” என்றாள்.

டிரைவர் அடுத்த சண்டைக்குப் புதிதாகக் காரணங்கள் தயார் செய்து வைத்திருந்தார். எல்லாம் வாயிலேயே நின்றுபோயின. “ஏன்? குடைக்கு என்ன?”

“அது வெளிர் நீலம். சீக்கிரம் அழுக்காகும்.”

“பிரேக் பத்தி நான் சொன்னது…”

“ஆமாப்பா, பிரேக்கும்தான். மழையும்தான்.”

மாப்பிள்ளை போனிலிருந்து தலையைத் தூக்கி இருவரையும் பார்த்துவிட்டு, எதையும் கேட்காமல் பெருசின் பக்கம் சேர்ந்துகொண்டார். டிரைவர் வண்டியைக் கையில் வாங்கினார். கைப்பிடி வழக்கத்தைவிட உயரமாக, உள்ளங்கைக்குச் சொல்லி வைத்த மாதிரி இருந்தது.

“இதை யாரு உசத்தினது?”

“கிரீஸ் மாமாதான். அவருக்கா தோணிச்சாம்” என்று மகள் சமையலறைக்குள் போய்விட்டாள்.

ஆக, அந்த வீட்டில் இப்போது இரண்டு பொய்யர்கள். அப்பாவுக்கு, சொன்னால் மகள் தன்னை உட்கார வைத்துவிடுவாள் என்று பயம். மகளுக்கு, தெரியும் என்று சொன்னால் அப்பா வீம்புக்கு நடந்து காலை இன்னும் கெடுத்துக்கொள்வார் என்று பயம். அப்பனுக்குப் பெண் தப்பாமல் பிறந்திருந்தாள்.

தீம் பார்க் வாசலில் நல்ல வெயிலும் நல்ல கூட்டமும் இருந்தன. ஒலிபெருக்கியில் யாரோ சிரித்துக்கொண்டே இருந்தார்கள். பெருசு புதுச் சக்கரங்களில் சத்தமே இல்லாமல் உருண்டது. இத்தனை சண்டை போட்டு, இத்தனை பொய் சொல்லி, இவ்வளவு தூரம் கொண்டு வந்து சேர்த்த வண்டியின் பெல்ட்டை டிரைவர் ஆசையாகத் திறந்து பிடித்தார்.

“ஏறும்மா சில்லறை.”

சில்லறை வண்டியைப் பார்த்தாள். ராட்டினத்தைப் பார்த்தாள். “நான் பெரியவ. நடப்பேன்.”

“கால் வலிக்கும்டா செல்லம்.”

“எனக்கு வலிக்காது. உனக்கு வலிக்குமா தாத்தா?”

“எனக்கெதுக்கு வலிக்கப் போகுது?” என்றார் தாத்தா. மகள் வேறெங்கோ பார்த்தாள்.

சில்லறை ஏறவேயில்லை. காலையிலிருந்து ராட்டினம், படகு, கிண்ணத்தில் உட்கார்ந்து சுற்றுவது என்று ஓடிக்கொண்டே இருந்தாள். டிரைவர் பின்னாலேயே காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். வழியில் ஒரு பெண்மணி குழந்தையைக் கொஞ்சலாம் என்று வண்டிக்குள் குனிந்து பார்த்து, தண்ணீர் பாட்டிலைக் கண்டு பின்வாங்கினாள். வண்டி காலியாகத் தெரியக்கூடாது என்று மகள் தன் கைப்பையை அதில் வைத்தாள். பிறகு தொப்பிகளை வைத்தாள். பிறகு மாப்பிள்ளையின் தோள்பையையும் கழற்றி வாங்கி வைத்தாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. டிரைவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முழங்கால் சாதுவாக இருந்தது. பேத்தி கண்ணெதிரில் கலகலவென்று போய்க்கொண்டிருந்தாள். இப்படியே ஊர்வரை தள்ளிக்கொண்டு போகலாம் என்று தோன்றியது.

சிக்கல் வந்தது, அங்கே இருந்த ஒரு குளத்தின் பக்கத்தில்தான். குளத்துக்கு அந்தக் கரையில் ஒரு குட்டி ரயில் ஓடியது. தாத்தாவும் அவளும் முதல் பெட்டியில் உட்கார வேண்டும் என்பது வீட்டிலேயே பேசி வைத்தது. ரயிலுக்குப் போக ஒரு நீளமான பாலம். பாலத்தின் வாயில் சீருடை போட்ட ஒரு பையன் கையை நீட்டி மறித்தான்.

“சார், குழந்தை இல்லாத வண்டியெல்லாம் இங்கயே விட்டுடணும். பாலத்துல கூட்டம்.”

டிரைவர் பாலத்தைப் பார்த்தார். கூட்டத்துக்கு நடுவில் பிடித்துக்கொள்ள ஒன்றும் கைக்கு எட்டாது. அதற்கு அப்பாலும் வளைந்து வளைந்து பாதை போயிற்று; மதில் சுவர் இல்லை, படிப்பதற்கு வாடகை அறிவிப்பும் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நீங்க போயிட்டு வாங்க. நான் வண்டியைப் பாத்துக்கறேன். டிரைவர் வண்டியை விட்டு வரக்கூடாது.”

சில்லறையின் முகம் சுருங்கியது. “நீ வரணும். முதல் பெட்டின்னு சொன்னே.”

“தாத்தா அடுத்த ட்ரிப் வரேன்டா.”

“அப்ப நீ வண்டியில ஏறு சில்லறை, கொஞ்ச தூரம்தானே” என்றாள் மகள். அந்தப் பெயரை அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஆனால் குழந்தை இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு ஒரே பிடியாக நின்றாள். பெரியவள் என்றால் பெரியவள்தான்.

பின்னால் வரிசை சேர்ந்தது. மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒன்றுமில்லாத மாதிரி புன்னகை செய்துகொண்டிருந்தார். அந்தப் புன்னகையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

“தம்பி,” என்றாள் அந்தப் பையனிடம், எல்லார் காதிலும் விழும்படி, “எங்கப்பாவுக்கு முட்டி வலி. பிடிச்சுட்டு நடக்க அவருக்கு அந்த வண்டி வேணும்.”

டிரைவருக்குக் காது அடைத்துப்போயிற்று. இந்த ஒரு வாக்கியத்தை ஒளித்து வைக்கத்தானே அவர் இத்தனை நாள் தலைகீழாக நின்றார்! ஊரே திரும்பிப் பார்க்கும் என்று நினைத்தார். சீருடைப் பையன், “அப்பச் சரி, எடுத்துட்டுப் போங்க சார். ஓரமா போங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டான். வேறு ஒன்றும் நடக்கவில்லை.

பாலத்தின் ஓரத்தில் வண்டியைத் தள்ளி நிறுத்திப் பிரேக்கைப் போட்டார். மகள் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“எப்பலேருந்து தெரியும்?”

“பட்டறைக்குப் போன அன்னிக்கு. வலது பின்சக்கரம் சொல்லிடுச்சு.”

“டயரா?” டிரைவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “நான் அதைப் பாக்கவே இல்லியே!”

“நான் உங்களைப் பாக்கவே இல்லியேப்பா.” என்றாள் மகள். “அந்தத் தலைவலி பூரா முட்டியில வந்ததுதானா? கண்ணாடி வேற மாட்டி விட்டேனே, பளிச்சுனு இருக்குன்னீங்களே!”

“பளிச்சுனுதாம்மா இருக்கு. வாடகைக்கு வீடுன்னு மாட்டின போர்டெல்லாம் தூரத்துலேருந்தே படிக்கிறேன்” என்றார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது.

டிரைவர் கேட்க வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதைக் கேட்காமல் ரயிலில் ஏறினால் ரயில் இனிக்காது. “அப்ப இனிமே குழந்தையைக் கூட்டிட்டு வர்றது…”

“நீங்கதான். வேற யாரு? நீங்க போகலைன்னா வாத்தெல்லாம் என்னைக் கேக்காதா?” என்றாள் மகள். “ஆனா டாக்டர்கிட்ட வரணும். நான் கூப்பிட்டதும் வரணும். தலைவலின்னு ஒரு வார்த்தை வந்துச்சு, அப்புறம் இருக்கு.”

“வரேன்” என்றார். பயப்படாமல், யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று, உடம்பின் பாரத்தை முழுசாகக் கைப்பிடியில் போட்டு நின்றார். அப்படி நிற்பது எவ்வளவு சுகம் என்பது அப்போதுதான் தெரிந்தது. மாப்பிள்ளை குழந்தையைத் தூக்கிக்கொண்டு குளத்தில் மீன் காட்டுவது போல நடித்துக்கொண்டிருந்தார். அவர் விவரமான மனிதர் என்று முன்பே சொன்னேன்.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து அப்பாவின் இடது பக்கம் நின்றாள். கையைத் தூக்கி, பழக்கமில்லாத குரலில், “போலாம் ரைட்” என்றாள்.

டிரைவர் பிரேக்கை எடுத்தார். வண்டி அரையடி நகர்ந்திருக்கும். மாப்பிள்ளையின் கையிலிருந்து திமிறி இறங்கிச் சில்லறை ஓடி வந்தாள்.

“அம்மா! அதை நான்தான் சொல்லணும்! நிறுத்து தாத்தா, நிறுத்து!”

சட்டம் சட்டம்தானே. பின்னால் வந்தவர்கள் விலகிப் போக, மூன்று பெரியவர்களும் பாலத்தின் ஓரத்தில் மறுபடியும் நின்றார்கள். டிரைவர் முறைப்படி பிரேக்கைப் போட்டார். அவள் சொன்ன பிறகுதான் கிளம்பினார்கள்.